முதல் போணிக்காக ஒரு நாள் காத்திருந்த கடை

அன்புள்ள என் பிள்ளைகள் இருவருக்கும்,

உங்கள் அத்தை நம்மை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. படையலுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களும் நண்பர்களும் இந்த நினைவு மலரை வாங்கிப் படிப்பார்கள் என்பது தெரியும். ஆனாலும் இதை உங்கள் இருவரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். மில்லில் இருந்தபோது லீவு லெட்டர் எழுதியதைத் தவிர வேறு எழுத்து வேலை பழக்கமில்லை. பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் சாரம் பகுதியில் உங்கள் அத்தை நடத்திவந்த மேட்சிங் கடை ஓராண்டாகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி உங்கள் மாமாவிடம் இருக்கிறது. நான் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் அது நம் பெரியவள் கைக்கு வந்துவிடும். அவள் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அந்தக் கடையை எடுத்து நடத்த ஆசைப்படுகிறாள். நான் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மாதம் பிறந்தால் வரும் சம்பளம், பி.எஃப்., நாளைக்குக் கல்யாணம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னேன். எல்லாம் பொய்க் காரணம். உண்மைக் காரணத்தைச் சொல்லாமல் உங்கள் அத்தையைப் பற்றி எனக்கு எழுத வராது.

நேரில் நான் அவரை 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவேன். பேரன் பேத்தி எடுக்கும் வயதிலும் எனக்குப் பாப்பாதான். அச்சில் வருவதால் மரியாதையோடு 'அவர்' என்றே எழுதுகிறேன்.

உங்கள் அத்தை பிறந்தது சாரத்தில். எங்கள் அப்பா மில் தொழிலாளி. எனக்கும் அவருக்கும் ஆறு வயது இடைவெளி. எனக்கு இருபது வயதாகும்போது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அப்பாவின் வேலையை வாரிசுக்குத் தருவதாக மில்லில் சொன்னார்கள். வாரிசு என்றால் ஆண்பிள்ளை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நான் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு போனேன். கணக்கில் முதல் மார்க் வாங்கிக்கொண்டிருந்த உங்கள் அத்தை, பத்தாவது முடித்ததும் டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனார். வேலைக்குச் சேர்ந்தார் என்று எழுதுவதைவிட, நின்றார் என்று எழுதுவதுதான் சரி. காலையில் ஒன்பது மணிக்கு நின்றால் கடை மூடும்வரை நிற்க வேண்டும். மத்தியானம் ஈ ஓட்டும் நேரத்திலும் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. பதினோரு வருடம் அப்படி நின்றார். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொள்வார். கெண்டைக்காலில் நரம்பெல்லாம் பச்சையாகச் சுருண்டிருக்கும்.

இடையில் ரெட்டியார்பாளையத்து மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தோம். உங்கள் மாமா வயரிங் வேலை செய்பவர், அதிகம் பேசாதவர், தங்கமான மனிதர். குழந்தை பிறக்கவில்லை. அந்தக் குறையை அத்தை யாரிடமும் சொல்லி அழுததில்லை. உங்கள் இருவருக்கும் முதல் செருப்பு, முதல் ஸ்கூல் பை எல்லாம் அவர் வாங்கியதுதான்.

ஒரு தீபாவளி நேரத்தில், ஜவுளிக்கடையில் கூட்டம் குறைந்த ஒரு நிமிடம் பார்த்து, அவர் ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். மாடிக்குப் பொறுப்பானவர் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, "உக்காரதுக்கா சம்பளம் குடுக்கறோம்?" என்று கத்தியிருக்கிறார். அத்தை எழுந்து நின்று, தீபாவளி முடியும்வரை வேலை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு போகவேயில்லை. விஷயம் கேள்விப்பட்டு நான் கேட்டேன்.

"இன்னா பாப்பா, வேலைய உட்டுட்டியாமே?"

"ஆமாணா. கடை போடப் போறேன். லைனிங், ஜாக்கெட் துணி, ஃபால்ஸ், பாவாடை. புடவைய எடுத்துட்டு வந்தா மேட்சிங் பாத்துக் குடுப்பேன்."

"கடை போட்டு?"

"உக்காருவேன்."

உங்கள் அம்மா சிரித்துவிட்டாள். "உக்காரதுக்கு எதுக்கும்மா கடை? நம்ம ஊட்ல வந்து உக்காரு."

"உங்க ஊட்ல உக்காந்தா நீங்க மாவாட்டச் சொல்வீங்க அண்ணி."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்குத்தான் என் வயிற்றில் அந்த நெருப்பு பிடித்தது. இதுவரை அணையவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நான் மில்லில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தேன். மோட்டாருக்குக் காயில் சுற்றுவது எனக்குக் கைவந்த வேலை. தெருவில் யார் வீட்டு ஃபேன் எரிந்தாலும், மிக்ஸி கருகினாலும் என்னிடம்தான் வரும். ஒரு வைண்டிங் கடை போட வேண்டும் என்று உங்கள் அத்தைக்குக் கல்யாணம் ஆகும் முன்பிருந்தே நினைத்திருந்தேன். கடைக்குப் பெயர்கூட வைத்திருந்தேன், உங்கள் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. போனஸ் வரட்டும் என்பேன். பொங்கல் போகட்டும் என்பேன். பெரியவள் பிறந்தாள், பிறகு சின்னவன் பிறந்தான். மில் வேலையை விடும் தைரியம் வரவே இல்லை. நான் பத்து வருடம் மனதுக்குள் சுமந்துகொண்டிருந்ததை என்னைவிடச் சின்னவர், ஒரு பெண்பிள்ளை, 'உட்காருவதற்காக' என்று சொல்லிப் பத்தே நாளில் செய்யக் கிளம்பிவிட்டார். என்னை மட்டம் தட்டத்தான் செய்கிறார் என்று நான் முடிவு கட்டினேன்.

ஆணும் பெண்ணும் ஏன் சொந்தத் தொழில் தொடங்குகிறார்கள் என்று பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். என்னோடு மில்லில் இருந்த ஒருவர், மில் மூடியபின் வேறு வழியில்லாமல் டீக்கடை போட்டார். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா, புருஷன் குடித்தே தீர்த்ததால் இட்லிச் சட்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு நான் செக்யூரிட்டியாக இருந்த அபார்ட்மெண்டில் ஒரு பையன், நாள் முழுக்க 'யெஸ் சார்' போட முடியவில்லை என்று நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு மொட்டைமாடியில் காளான் வளர்த்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு இடத்தில் வலி இருக்கிறது. ஒருவருக்கு வயிற்றில், ஒருவருக்கு மானத்தில். உங்கள் அத்தைக்கு அது காலில் இருந்தது. அவர் அதைத்தான் சொன்னார். பொறாமைக்காரன் அடுத்தவர் சொல்லும் காரணத்தை நம்ப மாட்டான்.

கடை திறப்புக்கு ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். புதுக் கடையில் முதல் போணி, அதாவது முதல் விற்பனை, யார் கையால் ஆகிறதோ அந்தக் கைராசிதான் கடைக்கு என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அப்பா இருந்தால் அப்பா செய்வார். அப்பா இல்லாத இடத்தில் அண்ணன். உங்கள் அத்தை தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக்கொண்டு வந்து என்னை அழைத்தார்.

"பத்தரைக்கு ராகுகாலம்ணா. அதுக்கு முன்ன வந்து நீதான் போணி பண்ணணும். வேற யாரும் வேணாம்."

"எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு. பர்மிஷன் கேட்டுப் பாக்கறேன்" என்றேன்.

அந்த வாரம் எனக்கு வார ஆஃப் வெள்ளிக்கிழமைக்கு மாறியிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. காலையில் காக்கி உடுப்பு மாட்டி, டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு, மில் பக்கம் போகாமல் சைக்கிளை வீராம்பட்டினத்துக்கு விட்டேன். கடற்கரையில் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்.

"இன்னா மில்லுக்காரரே, லீவா?"

"இல்ல, ஷிப்டு."

"கடலுக்கா ஷிப்டு? பாத்து, ஓவர்டைம் போட்டுடப் போறாங்க!"

பத்தரை ஆனது. இந்நேரம் மச்சானோ, பக்கத்துக் கடைக்காரரோ போணி செய்திருப்பார்கள், என் கையால் அந்தக் கடை ஆரம்பிக்கவில்லை என்று ஒரு திருப்தி. எலுமிச்சை சாதத்தை முழுவதும் சாப்பிட்டேன். ஷிப்டு முடியும் நேரம் பார்த்துக் கிளம்பினேன்.

சாரத்துக்கு வந்தால், கடை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உங்கள் மாமா வெளியே முகம் வாடி நின்றிருந்தார்.

"இன்னா மச்சான், வியாபாரம் எப்படி?"

"இன்னும் போணி ஆவல."

"ஆவலயா? யாரும் வரலயா?"

"வந்தாங்க. நெறைய பேர் வந்தாங்க. உன் தங்கச்சியப் போய்க் கேளு."

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் சந்தனம், கல்கண்டு கொடுத்து, "எங்க அண்ணன் வந்துடும், அப்புறமா வாங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். காலையிலிருந்து ஒரு ஊக்குகூட விற்கவில்லை.

"வாணா. ஷிப்டு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"சாப்டியா? சரி, அண்ணிக்கு இன்னா வேணும், எடு."

சிவப்பு லைனிங் ஒரு மீட்டரும் ஒரு அட்டை ஊக்கும் வாங்கினேன். நான் கொடுத்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதல் நாளே வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பும் தெம்பு இவருக்கு எங்கிருந்து வந்தது என்றுதான் எரிந்தது.

அண்ணனுக்காக ஒரு நாள் முழுக்க விற்காமல் இருந்த பெண் என்று தெருவெல்லாம் பேச்சு. திரும்பிப் போனவர்கள் எல்லாம் மறுநாள் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். கடை பிடித்துக்கொண்டது. "அண்ணன் கைராசி" என்று அத்தை எல்லோரிடமும் சொன்னார். நானும் கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும், "நான் பண்ண போணிதான்" என்று சொல்லிக்கொண்டேன். இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பொய்யில் நிமிர்ந்து நடந்தேன்.

அத்தையின் தொழில் முறை பலருக்குத் தெரிந்திருக்கும். புடவையை ட்யூப் லைட்டில் பார்க்கவே மாட்டார். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் துணியை வைத்துப் பார்ப்பார். இருட்டிவிட்டால், "லைட்டு பொய் சொல்லும்மா, காலைல வாங்க" என்று அனுப்பிவிடுவார். வேலைக்கு வந்த மூன்று பெண்களுக்கும் முதுகு சாயும் நாற்காலி போட்ட பிறகுதான் அலமாரிக்குக் கண்ணாடி போட்டார். பண்டிகை நாளில் கூட்டம் நெருக்கினாலும் அந்தப் பெண்கள் உட்கார்ந்துகொண்டே துணி கிழிப்பார்கள். நான் இதையெல்லாம் பார்க்கப் போனது பாராட்ட அல்ல. எங்கேயாவது சரிகிறதா என்று பார்க்கத்தான்.

பிறகு மில் மூடினார்கள். அந்த வாரமே அத்தை நம் வீட்டுக்கு வந்தார்.

"வாணா, கல்லாவுல உக்காரு. எனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

"தங்கச்சி கடையில உக்காந்தா ஊரு சிரிக்கும் பாப்பா."

"சிரிக்கட்டுமே. சிரிக்கறவங்களும் ஜாக்கெட் தைக்கத்தானே போறாங்க."

நான் போகவில்லை. அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி வேலைக்குப் போய் கேட்டில் நின்றேன். பன்னிரண்டு மணி நேரம் நின்றபோதுதான் கெண்டைக்கால் வலி என்றால் என்ன என்று தெரிந்தது. தெரிந்தும் பொறாமை குறையவில்லை, கூடியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரெட்டியார்பாளையத்தில் அத்தை இரண்டாவது கடை திறந்தபோது, நான் நேரத்துக்குப் போய், குளித்து விபூதி பூசி, போணி செய்தேன். நோட்டை நீட்டும்போது மனதுக்குள், 'இது ஓடக் கூடாது' என்று சொன்னேன். ஒரு வருடத்துக்குள் இடத்துக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார், கடையை எடுக்க வேண்டியதாயிற்று. "அடடா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாலை இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கலாம்.

போன வருடம் அத்தைக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் மத்தியான நேரம் நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒரு நாள் நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தபோது, அத்தை வாங்கவில்லை.

"எங்க அண்ணன் கையில குடும்மா. அது குடுத்தாத்தான் எனக்குக் கேக்கும். அதுக்குக் கைராசி."

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கொடுக்க முடியவில்லை.

"பாப்பா, கடை தொறந்த அன்னிக்கு எனக்கு ஷிப்டு இல்ல. ஆஃப். வீராம்பட்டினத்துல போய் உக்காந்திருந்தேன்."

தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எதுக்கு?"

"பொறாமை."

இத்தனை வருடம் ஆன பிறகு சிரித்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். இல்லை.

"அன்னிக்கு எத்தினி பேரத் திருப்பி அனுப்புனேன் தெரியுமா உனக்கு? பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்கற அந்த சொல்தா ஊட்டம்மா, கிளிப்பச்சைப் புடவை எடுத்துட்டு வந்தாங்க, அவ்ளோ வெயில்ல. 'இன்னிக்குக் கல்யாணத்துக்குப் போவணும், ஒரே ஒரு ஜாக்கெட் துணி'ன்னு கெஞ்சுனாங்க. அவங்களையே அனுப்பிச்சேன். எங்க ஊட்டுக்காரரு மூஞ்சிய நான் பாக்க முடியல. உனக்கு மெஷின்ல கை மாட்டிக்கிச்சோ, சைக்கிள்ல எவனாவது இடிச்சிட்டானோன்னு சாயங்காலம் வரைக்கும் வயித்துல கல்லு. நீ காத்து வாங்கிட்டு இருந்திருக்க!"

மாத்திரையை நர்ஸிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, அவர் கையால் வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என்னையும் உங்கள் மாமாவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"கடைய நம்ம பெரியவளுக்குக் குடுத்துடுங்க. அவளுக்குக் கலர் பாக்கற கண்ணு இருக்கு. ஆனா எங்க அண்ணன் வாயால சரின்னு சொன்னப்புறம்தான் சாவியக் குடுக்கணும்."

"இப்பவே சொல்றேன் பாப்பா."

"வேணாம். நான் சாவப்போறேன்னு பாவம் பாத்து சொல்ற. அது செல்லாது."

"சரி, மனசுல இந்தப் பொறாமை போனப்புறம் சொல்றேன்."

"அப்போ கடை தொறக்கவே தொறக்காது" என்றார். உங்கள் மாமா சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. "பொறாமை இருக்கறப்பவே சொல்லுணா. அன்னிக்கு நான் காத்துட்டு இருந்தேன். இனிமே கடை காத்துட்டு இருக்கட்டும்."

அதற்குப் பிறகு ஐந்து நாள் இருந்தார். என்னிடம் பேசினார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், காலை நீவிவிடச் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. ஆறாம் நாள் விடிகாலையில் உயிர் அமைதியாகப் பிரிந்தது.

எடுத்துப்போகும் அன்று தெரு நிறையப் பெண்கள். எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். நான் முன்னால் நடந்துகொண்டே, 'நமக்கு இவ்வளவு பேர் வருவார்களா' என்று நினைத்தேன். உடன்பிறந்தவரைக் கொண்டுபோகும்போது ஒரு அண்ணன் நினைக்கிற நினைப்பா அது? ஆனால் நினைத்தேன்.

இந்த ஓராண்டும் அந்தப் பொறாமை போகட்டும் என்று காத்திருந்தேன். போகவில்லை, ஆள் மாறியது. போன மாதம் பக்கத்து வீட்டம்மா நம் வாசலில் ஒரு புடவையோடு நின்றார். பெரியவள் அதை வெயிலில் பிரித்துப் பார்த்து, "அரக்கு வேணாம்க்கா, இதுக்கு மாதுளம்பழக் கலர் போடுங்க" என்றாள். அந்த அம்மா அப்படியே கேட்டுக்கொண்டு போனார். என் சொந்த மகள். அவளைப் பார்த்தே எனக்கு எரிந்தது. அப்போதுதான் பாப்பா சொன்னது புரிந்தது. இது போன பிறகுதான் வாயைத் திறப்பேன் என்றால் நான் திறக்கப் போவதில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கும், துக்கத்தில் பந்தல் போட்டதுமுதல் பதினாறாம் நாள்வரை கூட நின்ற சாரம் தெருக்காரர்களுக்கும், ரெட்டியார்பாளையத்துச் சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய வணக்கம். கடையில் வேலை பார்த்த மூன்று பெண்களும் ஓராண்டாக வேறு எங்கும் நிரந்தரமாகச் சேராமல் காத்திருக்கிறார்கள். அது என்னால் வந்த கஷ்டம். அவர்களிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்கிறேன். உங்கள் அம்மா இந்த ஆஃப் விஷயத்தை இப்போதுதான் அறிகிறாள். சண்டை போடுவாள், போடட்டும். சாவியை வைத்துக்கொண்டு ஒருநாள்கூட என்னை நெருக்காத என் மச்சானுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பெரியவளே, எழுத்தில் சொன்னால் செல்லாது. வாயால் சொல்ல வேண்டும் என்பது உன் அத்தையின் வார்த்தை. இன்று படையல் முடிந்து இலை போடுவதற்கு முன், எல்லோரும் இருக்கும்போதே எழுந்து நின்று சொல்லப் போகிறேன். மாமாவைச் சாவியைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது என் முகம் மலர்ந்திருக்காது, அதைப் பார்த்துத் தயங்காதே. கையை நீட்டி வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உங்கள் அப்பா